நாய்க்கும் பூனைக்கும் கருத்தடை ஆபரேஷன்: முடிவெடுப்பது முதல் தையல் பிரிக்கும் நாள் வரை

எங்கள் வீட்டு நாய் செல்லி ஏழு வயதில் திடீரென்று தண்ணீராகக் குடிக்க ஆரம்பித்தாள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை நிரப்பும் கிண்ணத்தை ஐந்தாறு தடவை நிரப்ப வேண்டியிருந்தது. அதுவும் போதாமல் குளியலறை வாளிக்குள் தலையை விட்டாள். சித்திரை வெயில், தாகம் எடுக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் கறிச்சோற்றை வைத்தபோது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் ஸ்கேன் எடுத்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்ப ஹீட்டுக்கு வந்தா?" என்பதுதான். ஹீட் என்றால் பெட்டை இணைசேரத் தயாராகும் பருவம். விரல் விட்டு எண்ணினால் ஆறு வாரம். கருப்பை முழுக்கச் சீழ்.

இரவு பத்து மணிக்கு ஆபரேஷன். முடிந்ததும் எடுத்த கருப்பையை ஒரு தட்டில் வைத்துக் காட்டினார். அவள் அளவு நாய்க்குப் பென்சில் தடிமனில் இருக்க வேண்டிய இரண்டு குழல்களும் புடலங்காய் பருமனுக்கு வீங்கி, பளபளவென்று தளும்பிக்கொண்டிருந்தன. "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா உள்ளயே உடைஞ்சிருக்கும்" என்றார். செல்லி பிழைத்துக்கொண்டாள். ஆறு மாதக் குட்டியாக இருந்தபோது ஒரு காலைப் பொழுதில் முடித்திருக்க வேண்டிய வேலை அது. அதை ஏழு வயதில், காய்ச்சலோடு, நள்ளிரவில், பல மடங்கு செலவில் செய்தோம். பிறகு வந்த பூனை பஞ்சுவுக்கு ஐந்து மாதத்திலேயே முடித்துவிட்டோம். இரண்டையும் பார்த்தவள் என்பதால், முதன்முறையாகக் குட்டி வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், இது என்ன ஆபரேஷன்

சிலர் கு.க. என்கிறார்கள், சிலர் ஸ்பே, நியூட்டர் என்கிறார்கள், தெருநாய் விஷயத்தில் ஏ.பி.சி. (அனிமல் பர்த் கன்ட்ரோல்) என்கிறார்கள். 'குடும்பக் கட்டுப்பாடு' என்ற பெயர்தான் பலரைக் குழப்பிவிடுகிறது. மனிதர்களுக்குச் செய்வது குழாயைக் கட்டிவிடும் வேலை. சுரப்பி அப்படியே இருக்கும். நாய், பூனைக்கு வழக்கமாகச் செய்வது அதுவல்ல. பெட்டைக்கு இரண்டு சூலகங்களையும், பெரும்பாலும் கருப்பையையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். ஆணுக்கு இரண்டு விதைகளையும் எடுத்துவிடுவார்கள். ஹார்மோன் சுரக்கும் இடமே போய்விடுவதால் ஹீட்டும் நின்றுவிடும். "குழாயை மட்டும் கட்டிவிடுங்களேன்" என்று கேட்டால் குட்டி வேண்டுமானால் வராது. ஹீட், அலைச்சல், சீழ்ப்பிடிப்பு எல்லாம் அப்படியே இருக்கும்.

நம் ஊருக்கு இது புதிதும் அல்ல. காயடிக்காத காளையை ஏரில் பூட்டிப் பழக்குவது எவ்வளவு பாடு என்று எந்த விவசாயியும் சொல்வார். காளைக்கும் கிடாவுக்கும் காயடிப்பதைப் பார்த்து வளர்ந்த என் அத்தைதான், நாய்க்கு என்றதும் "அய்யோ பாவம், வாயில்லா ஜீவன்" என்றார். மாட்டுக்கு அந்தக் காலத்தில் மயக்க மருந்துகூடக் கிடையாது.

என்ன லாபம்

பெட்டை நாயில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் லாபம் அதிகம்.

நாய் சராசரியாக ஆறேழு மாதத்துக்கு ஒரு முறை ஹீட்டுக்கு வரும். மூன்று வாரம் நீடிக்கும். அது முடிந்த பிறகு, சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், சுமார் இரண்டு மாதத்துக்கு உடம்பில் புரோஜெஸ்டிரான் ஹார்மோன் உயர்ந்தே இருக்கும். அது கருப்பையின் உள்சுவரைத் தடிக்க வைக்கும், வாயை மூடும், அங்கே இருக்கும் எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும். உள்ளே ஏறிய கிருமிக்கு அது நல்ல மெத்தை. ஒவ்வொரு ஹீட்டிலும் இதே கதை திரும்பத் திரும்ப நடந்து, நடுத்தர வயதில் ஒரு தடவை சீழ் பிடித்துக்கொள்ளும். இதை டாக்டர்கள் பயோமெட்ரா என்பார்கள். ஸ்வீடனில் நாய்க்குக் கருத்தடை செய்யும் வழக்கம் வெகுநாள் இல்லை. அங்கே காப்பீட்டுக் கணக்குகளை எடுத்துப் பார்த்தபோது, பத்து வயதுக்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரை பெட்டை நாய்களுக்கு இது வந்திருந்தது. சீழ் வெளியே வடிந்தால் கண்ணில் படும். கருப்பை வாய் மூடிக்கொண்ட வகைதான் ஆளைக் கொல்வது, வெளியே ஒன்றுமே தெரியாது. செல்லிக்கு வந்தது அதுதான். ஹீட் முடிந்து ஒன்று, இரண்டு மாதத்தில் பெட்டை நாய் அதிகமாகத் தண்ணீர் குடித்தால் வெயிலைக் காரணம் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போங்கள்.

அடுத்தது மடிக்கட்டி. 1969-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வை இன்றும் எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். முதல் ஹீட்டுக்கு முன்பே ஆபரேஷன் ஆன நாய்க்கு மடிப் புற்று வரும் வாய்ப்பு, ஆகாத நாயோடு ஒப்பிட்டால் 0.5 சதவீதம், ஒரு ஹீட்டுக்குப் பின் 8, இரண்டுக்குப் பின் 26 என்றது அது. பழைய ஆய்வு, அந்த எண்களை அப்படியே வேதவாக்காகக் கொள்ள முடியாது என்று பின்னாளில் அலசியவர்கள் சொன்னார்கள். நானும் எண்ணைப் பிடித்துத் தொங்கச் சொல்லமாட்டேன். ஆனால் சீக்கிரம் செய்தால் பலன் அதிகம் என்றுதான் பெரும்பாலான டாக்டர்கள் இன்னும் சொல்கிறார்கள். பூனையில் இது இன்னும் முக்கியம். நாயின் மடிக்கட்டிகளில் பாதி அளவுதான் புற்று. பூனைக்கு வந்தால் பத்தில் எட்டு, ஒன்பது புற்றாகவே இருக்கும். ஆறு மாதத்துக்குள் ஆபரேஷன் ஆன பூனைக்கு அந்த ஆபத்து 91 சதவீதம் குறைந்ததாக 2005-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

பொய்ச்சினை என்று ஒன்று உண்டு. செல்லிக்கு ஒவ்வொரு ஹீட்டுக்கும் இரண்டு மாதம் கழித்து அது வரும். வீட்டில் உள்ளவர்களின் செருப்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலுக்கு அடியில் அடுக்குவாள், அவற்றைச் சுற்றிச் சுருண்டு படுப்பாள். யாராவது செருப்பை எடுக்கப் போனால் உறுமுவாள். மடியில் பால்கூடக் கட்டும். நாங்கள் சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்திருக்கிறோம். இப்போது அந்தப் படங்களைப் பார்க்கச் சிரிப்பு வருவதில்லை.

பெண் பூனையின் கணக்கே வேறு. பகல் நீளமாக இருக்கும் காலத்தில்தான் பூனைக்கு ஹீட் வரும். குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் ஓய்வு உண்டு. நம் ஊரில் வருடம் முழுக்க வெளிச்சம், ஆகவே வருடம் முழுக்கவும் வரலாம். இணைசேர்ந்தால்தான் பூனைக்கு முட்டை வெளிவரும். சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மறுபடி ஹீட். நடுராத்திரி குழந்தை அழுவதுபோல் கத்தல், தரையில் உருளல், பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்றல். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. நான்கு, ஐந்து மாதத்திலேயே சினை பிடித்துவிடும். இரண்டு மாதத்தில் குட்டி. குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினை. "இன்னும் சின்னக் குட்டிதானே" என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது அது தாயாகியிருக்கும்.

ஆண்களுக்கு வருவோம். மார்கழி நாயைப் பற்றி நம்மிடம் பழமொழியே உண்டு. எங்கோ ஒரு பெட்டை ஹீட்டில் இருக்கும் வாசனை வந்தால் போதும், சுவர் ஏறிக் குதித்து ஓடும், சோறு தின்னாது, சண்டையில் காது கிழிந்து வரும், சாலையில் அடிபடும். விதை எடுத்தபின் இந்த அலைச்சல் பெருமளவு குறையும். கடுவன் பூனை சுவரில், சோபாவில், அரிசி மூட்டையில் பீய்ச்சும் மூத்திரத்தின் நாற்றம் எந்தச் சோப்புக்கும் போகாது. ஆபரேஷன் ஆனால் பத்தில் ஒன்பது கடுவன்கள் அந்தப் பழக்கத்தை விட்டுவிடும், அல்லது தொடங்கவே தொடங்காது. கடுவன் சண்டையில் கடிபட்டுத்தான் பூனை எய்ட்ஸ் எனப்படும் வைரஸ் பரவுகிறது, அதுவும் குறையும். நாய்க்கு விதைப் புற்று வராது, வயதான காலத்தில் புராஸ்டேட் வீங்கிச் சிரமப்படாது. (புராஸ்டேட் புற்றையும் தடுக்கும் என்று சிலர் சொல்வது சரியல்ல.) இணைசேரும்போது ஒட்டிக்கொள்ளும் ஒரு புற்றுக்கட்டி நம் தெருநாய்களிடம் சகஜம். குறியில் காலிபிளவர் பூப்போல முளைத்து ரத்தம் கசியும். வெளியே சுற்றும் வளர்ப்பு நாய்க்கும் அது வரும், பிறகு வாரக்கணக்கில் கீமோ ஊசி.

எல்லாவற்றையும் சரி செய்துவிடும் என்று நம்பிப் போகாதீர்கள். பயத்தால் கடிக்கும் நாய் ஆபரேஷனுக்குப் பிறகும் பயந்து கடிக்கும். குரைப்பு, செருப்புக் கடிப்பு, தனியாக விட்டால் ஊளை, எதுவும் மாறாது. அதெல்லாம் பழக்க வேண்டிய விஷயம். காவல் காக்காதோ என்ற கவலையும் வேண்டாம். செல்லி இன்றும் கூரியர்காரரைக் கேட்டுக்குள் விடுவதில்லை.

பாதகம் இல்லையா

இருக்கிறது. மயக்க மருந்து கொடுக்கும் எந்த ஆபரேஷனிலும் சிறிய ஆபத்து உண்டு. பசி கூடும், உடம்பு செலவழிக்கும் சக்தி குறையும், அதனால் எடை ஏறும். பெரிய பெட்டை நாய்கள் சிலவற்றுக்கு வயதானபின் தூக்கத்தில் மூத்திரம் கசியும். அதற்கு மாத்திரை உண்டு. லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி பெரிய இனங்களுக்கு ரொம்பச் சீக்கிரம் செய்தால் மூட்டுக் கோளாறு அதிகம் வருகிறது என்று கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 2013 முதல் வந்த ஆய்வுகள் காட்டின. எலும்பு வளர்ந்து முடிவதற்கு அந்த ஹார்மோன்கள் தேவைப்படுகின்றன. ஆகவே வயதைப் பார்த்துச் செய்ய வேண்டும்.

படி 1: எந்த வயதில்

பூனை, ஆணோ பெண்ணோ, ஐந்து மாதம் முடிவதற்குள். இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

வளர்ந்தால் இருபது கிலோவுக்குள் நிற்கும் நாய்க்கு ஆறு மாதம், பெட்டையாக இருந்தால் முதல் ஹீட்டுக்கு முன். நம் நாட்டு நாய்களில் பெரும்பாலானவை இந்தக் கணக்கில் வரும். பெரிய இனமாக இருந்தால் ஆணுக்கு வளர்ச்சி நிற்கும்வரை, அதாவது ஒன்பது முதல் பதினைந்து மாதம் வரை காத்திருக்கலாம். பெரிய பெட்டைக்கு மடிக்கட்டி ஒரு பக்கம், மூட்டு ஒரு பக்கம். டாக்டரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். பல இனங்களுக்கு ஒரு வயதை ஒட்டிச் செய்கிறார்கள்.

வயது தாண்டிவிட்டதா? பரவாயில்லை, இப்போதும் செய்யலாம். சீழ்ப்பிடிப்பைத் தடுக்கும் லாபம் எந்த வயதிலும் கிடைக்கும். நாய் ஹீட்டில் இருந்தால் மட்டும் தள்ளிப்போடுங்கள். அப்போது ரத்தக் குழாய்கள் பருத்திருக்கும். ஹீட் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துச் செய்வது நல்லது. குட்டி போட்டிருந்தால் பால் மறந்து மடி வற்றியபின்.

"ஒரு ஈத்தாவது போடட்டும், அப்பத்தான் உடம்புக்கு நல்லது" என்று அக்கம்பக்கத்தில் யாராவது சொல்வார்கள். எங்களுக்கும் சொன்னார்கள், நாங்களும் கேட்டுக்கொண்டோம். குட்டி போடுவதால் நாயின் உடம்புக்கு எந்த நன்மையும் இல்லை. குட்டிகளுக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். செல்லி போட்டது ஆறு. இரண்டு ஆண் குட்டிகளை ஒரே வாரத்தில் கேட்டு வாங்கிப் போனார்கள். நான்கு பெட்டைகளுக்கு ஆள் தேட ஐந்து மாதம் ஆனது. "பொட்டக்குட்டியா? வேணாம்" என்று போனை வைத்தவர்களுக்குக் கணக்கில்லை. நம் ஊரில் மார்க்கெட் ஓரத்திலும் கோயில் வாசலிலும் அட்டைப்பெட்டியில் கிடப்பவை பெரும்பாலும் அந்தப் பெட்டைக் குட்டிகள்தான். அடுத்த வருடம் அந்தத் தெருவில் நாய் பெருகிவிட்டது என்று புகார் கொடுப்பவர்களும் நாம்தான்.

ஹீட் வராமல் இருக்க ஊசி, தப்பாகச் சேர்ந்துவிட்டால் கலைக்க ஊசி என்று சில இடங்களில் போடுவார்கள். மலிவு என்று மயங்க வேண்டாம். அவற்றில் பல ஹார்மோன் ஊசிகள், சீழ்ப்பிடிப்பையும் பூனைக்கு மடி வீக்கத்தையும் வரவழைப்பவை.

படி 2: எங்கே செய்வது

தனியார் கிளினிக், அரசுக் கால்நடை மருத்துவமனை, கால்நடை மருத்துவக் கல்லூரி, விலங்கு நல அமைப்பு என்று நான்கு வழி. சென்னையில் வேப்பேரியில் இருக்கும் மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது, அங்கே போதனா மருத்துவமனை உண்டு. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகளும் இருக்கின்றன. கட்டணம் குறைவு, காத்திருப்பு அதிகம். காலையில் சீக்கிரம் போய் வரிசையில் நிற்கும் பொறுமை வேண்டும்.

மாநகராட்சியின் ஏ.பி.சி. மையங்கள் தெருநாய்களுக்கானவை. அந்தத் திட்டத்தின் வேரே சென்னையில்தான். புளூ கிராஸ் அமைப்பு 1964-இல் நாய்களுக்குக் கருத்தடை செய்யத் தொடங்கியது, நாய்களைக் கொல்வதை விட்டு மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது 1996-இல். நாடு முழுக்க விதி வந்தது 2001-இல், புதிய விதிகள் 2023-இல். அந்தப் புதிய விதிகளின்படி வளர்ப்பு விலங்குக்குத் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், கருத்தடை மூன்றும் வளர்ப்பவரின் பொறுப்பு. ஒரு சின்னத் தகவல்: வளர்ந்த தெருநாய் ஒன்றைத் தத்தெடுத்திருந்தால் முதலில் காது நுனியைப் பாருங்கள். முக்கோண வெட்டு இருந்தால் ஆபரேஷன் ஏற்கெனவே ஆகிவிட்டது என்று அர்த்தம்.

எங்கே போனாலும் கேட்க வேண்டியவை சில. மயக்கத்துக்கு என்ன முறை, ஊசி மட்டுமா, கேஸும் உண்டா? ஆபரேஷன் நடக்கும்போது நாடித்துடிப்பையும் மூச்சையும் கவனிக்கத் தனி ஆள் உண்டா? வலிக்கு என்ன மருந்து கொடுப்பீர்கள்? ராத்திரி ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது? சொல்லும் தொகையில் ரத்தப் பரிசோதனை, மருந்து, கழுத்துக் கூம்பு (புண்ணை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டுவது), தையல் பிரிப்பது எல்லாம் அடக்கமா? கேள்வி கேட்டால் முகம் சுளிக்கும் இடத்தை நான் விட்டுவிடுவேன்.

படி 3: அதற்கு முந்தைய வாரங்கள்

தடுப்பூசிகளும் குடற்புழு மருந்தும் முடிந்திருக்க வேண்டும். பிறகு ரத்தப் பரிசோதனை. நாய்க்கு இதைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள். நம் ஊரில் உண்ணி இல்லாத நாய் அபூர்வம். உண்ணிக் காய்ச்சல் உள்ளே இருந்தால் நாய் ஓடியாடி விளையாடிக்கொண்டே இருக்கும், ரத்தத்தில் தட்டணுக்கள் மட்டும் குறைந்திருக்கும். அந்த நிலையில் கத்தி வைத்தால் ரத்தம் உறையாது. செல்லிக்கு வந்த அவசரத்தில்கூட டாக்டர் முதலில் பார்த்தது தட்டணு எண்ணிக்கையைத்தான்.

இனத்தையும் சொல்லுங்கள். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி ஒட்டிய வயிற்று வேட்டை நாய்களுக்கு உடம்பில் கொழுப்பு குறைவு, சில மயக்க மருந்துகள் இறங்க நேரமாகும். பக், பாரசீகப் பூனை போன்ற சப்பை மூக்குக்காரர்களுக்கு மூச்சுப் பிரச்சினை. டாபர்மேன்களில் ரத்தம் உறையாத பரம்பரைக் குறை உண்டு. ஆணுக்கு இரண்டு விதையும் பைக்குள் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று வயிற்றுக்குள்ளேயே தங்கியிருந்தால் அதைத் தேடி எடுத்தே ஆக வேண்டும். உள்ளே தங்கும் விதையில்தான் புற்று அதிகம் வரும்.

கழுத்துக் கூம்பை முன்கூட்டியே வாங்கி, தினமும் பத்து நிமிடம் மாட்டிப் பழக்குங்கள். ஆபரேஷன் அன்றைக்குத்தான் முதல் தடவை மாட்டினால் வீடே அதிரும்.

படி 4: பட்டினி

வளர்ந்த நாய், பூனைக்கு முந்தைய இரவுக்குப் பிறகு சாப்பாடு கிடையாது. தண்ணீரைக் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன் எடுத்துவிடலாம். நான்கு மாதத்துக்கு உட்பட்ட குட்டியை அவ்வளவு நேரம் பட்டினி போடக்கூடாது, சர்க்கரை இறங்கிவிடும். அதற்கு மூன்று நான்கு மணி நேரம் போதும். உங்கள் டாக்டர் சொல்லும் நேரமே கணக்கு. மயக்கத்தில் வாந்தி எடுத்து அது நுரையீரலுக்குள் போய்விடக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும்.

வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள், முக்கியமாகப் பெரியவர்களிடம். பஞ்சுவைக் கூடையில் வைத்துக் கிளம்பும்போது அப்பா, "பாவம், காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலம்மா, ரெண்டு மில்க் பிஸ்கட்டு குடுத்தேன்" என்றார். அன்றைக்குப் போகவில்லை. அடுத்த வாரம்தான் மறுபடி தேதி கிடைத்தது. அடுத்த முறை முந்தின இரவே பிஸ்கட் டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் போகாதீர்கள். பூனைக்கென்று விற்கும் கூடை இல்லையென்றால் மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் கூடைக்குள் பழைய புடவையை விரித்து, மேலே கயிறு கட்டிக்கொண்டு போங்கள்.

படி 5: அன்றைய ராத்திரி

சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடும். இந்த ராத்திரிதான் வளர்ப்பவருக்குக் கஷ்டமானது.

பஞ்சு கண்ணைத் திறந்தபடியே இருந்தாள், ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. சில மயக்க மருந்துகளில் பூனையின் இமை மூடாது. பயந்துவிடாதீர்கள். பிறகு தலையைத் தூக்கினாள், குடிகாரன் மாதிரி ஆடினாள், பின்னங்கால் இரண்டும் தனித்தனித் திசைக்குப் போயின. அந்த நிலையிலும் பரணைப் பார்த்துத் தாவப் போனாள்! கட்டில், சோபா எதிலும் படுக்க வைக்கக்கூடாது. ஒரு சிறிய அறை, தரையில் மடித்த போர்வை, மங்கலான வெளிச்சம். ஃபேனை நேரே ஓட விடாதீர்கள், மயக்கத்தில் உடம்புச் சூடு இறங்கும். மற்ற நாய், பூனை, குழந்தைகள் உள்ளே வேண்டாம். முழுதாகத் தெளிந்து, தானாகத் தலையைத் தூக்கி நிற்கும்வரை தண்ணீர்கூட வாயில் விடக்கூடாது, புரையேறும். தெளிந்தபின் கொஞ்சம் தண்ணீர், பிறகு வழக்கத்தில் கால்வாசி உணவு.

முனகினால் மனசு கேட்காமல் நம் மருந்து டப்பாவைத் திறப்போம். திறக்காதீர்கள். ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். அதை உடைத்து வெளியேற்றும் வசதி பூனையின் ஈரலுக்கு இல்லை. நாய்க்கு இபுபுரூஃபன் விஷம். டாக்டர் எழுதியது மட்டும், எழுதிய அளவு மட்டும்.

படி 6: பத்துப் பதினான்கு நாள்

காலையும் மாலையும் புண்ணைப் பாருங்கள். முதல் நாளே போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் மறுநாள் ஒப்பிட வசதி. லேசான சிவப்பு, கொஞ்சம் தடிப்பு இருக்கலாம். மஞ்சள், வேப்பெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம். ஈ மொய்க்காமல் வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள். குளிப்பாட்டக்கூடாது. பூனை வீட்டில் தரை துடைக்க ஃபீனாயிலும் கூடாது. காலில் ஒட்டியதை நக்கிவிடும், அதுவும் விஷம்தான்.

கூம்பைக் கழற்றாதீர்கள். "பாவமாப் பாக்குது" என்று அரை மணி நேரம் கழற்றிய வீடுகளில்தான் தையல் பிரிந்து இரண்டாவது ஆபரேஷன் நடக்கிறது. ஓட்டம், தாவல், மாடிப்படி எல்லாம் நிறுத்தம். நாயைச் சங்கிலியில் பிடித்து ஒன்றுக்கு, இரண்டுக்கு மட்டும் வெளியே கூட்டிப்போங்கள். மூன்றாம் நாளே ஒன்றுமே நடக்காததுபோலத் துள்ளும். அதை நம்பி விட்டுவிடாதீர்கள், உள்தையல் ஆற நாளாகும்.

உடனே டாக்டரிடம் ஓட வேண்டிய அறிகுறிகள்: ஈறு வெளுத்துப்போவது, வயிறு உப்பிக்கொண்டே போவது, புண்ணிலிருந்து ரத்தம் சொட்டுவது, சீழோ நாற்றமோ, ஒரு முழு நாள் தாண்டியும் சாப்பிடாமல் சுருண்டு கிடப்பது, விடாத வாந்தி, 103 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் காய்ச்சல். ஆரோக்கியமான நாயின் ஈறு எந்த நிறம் என்று முன்பே உதட்டைத் தூக்கிப் பார்த்து வைத்திருந்தால் வெளுப்பு சட்டென்று தெரியும்.

ஆண்களுக்கு ஆறுவது சுலபம். கடுவன் பூனைக்குப் பெரும்பாலும் தையலே இருக்காது. ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: விதை எடுத்த மறுநாளே ஆண் மலடாகிவிடாது. குழாயில் மிச்சம் இருக்கும் விந்து சில வாரம் வரை சினைப்படுத்தும். ஒரே வீட்டில் ஆபரேஷன் ஆகாத பெட்டை இருந்தால் ஒன்றரை மாதமாவது பிரித்து வையுங்கள்.

படி 7: சாப்பாட்டுத் தட்டு

ஆபரேஷன் ஆனால் குண்டாகிவிடும் என்பது உண்மைதான், ஆனால் குண்டாக்குவது நம் கை. தையல் பிரித்தபின் வழக்கமான அளவில் கால்வாசியைக் குறைத்துவிடுங்கள். வளரும் குட்டியாக இருந்தால் டாக்டரைக் கேட்டுக் குறையுங்கள். நாய்க்குச் சோறுதான் முதலில் குறைய வேண்டும், கறியும் முட்டையும் அல்ல. பூனைக்கு நாள் முழுக்கத் தட்டில் உலர் உணவைக் கொட்டி வைக்கும் பழக்கத்தை நிறுத்தி, அளந்து இரண்டு மூன்று வேளையாக வையுங்கள். மாதம் ஒரு முறை எடை பாருங்கள். அதைத் தூக்கிக்கொண்டு நீங்கள் எடைமெஷினில் ஏறி, பிறகு உங்கள் எடையைக் கழித்தால் போதும். (உங்கள் எடை தெரிந்துவிடுவது தனிக் கவலை.) விலாவைத் தடவினால் எலும்பு கையில் படவேண்டும், கண்ணில் தெரியக்கூடாது.

பஞ்சுவுக்குப் பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள். வீட்டுக்கு வந்து கூம்பைக் கழற்றியதும் ஜன்னல் திட்டில் ஏறி உட்கார்ந்து, பன்னிரண்டு நாள் பாக்கியையும் ஒரே மூச்சில் நக்கித் தீர்த்தாள். ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அதுவரை சாப்பிடக் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.